எல்கே அம்மாவின் ஏழு நாள் அடைப்பு

முதலமடை, கேரளா,
தை 23

மதிப்பும் பிரியமும் மிக்க மாப்பிள்ளை பூபதிராஜா அவர்களுக்கு,

தோட்டத்திலிருந்து மாமனார் மோகனசுந்தரம் எழுதிக்கொள்வது. சென்னையில் நீங்களும் மகள் மௌனிகாவும் சௌக்கியமாக இருக்க மாசாணியம்மன் துணை நிற்கட்டும். இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலமாகத்தான் இருந்தோம். நலம் விசாரிக்க வந்தவர்களால் அந்த நலம் கெட்டு, இப்போது மறுபடியும் நலமாகி வருகிறோம். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் உங்கள் மாமியார் போனைப் பிடுங்கி, "சாப்டீங்களா மாப்ள?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். நீங்கள் ஆசையாகக் கட்டிக்கொடுத்த விருந்தினர் அறையை மூடிவிட்டு, பழையபடி உர மூட்டை அடுக்கப் போகிறேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். மாப்பிள்ளைமேல் கோபப்படுகிற வழக்கம் நம் பக்கத்தில் இல்லை; இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

யூரியா வைத்திருந்த அறையில் மேல்நாட்டுக் கக்கூஸ் வைத்து, வெப்சைட்டில் மாந்தோப்புப் படம் போட்டு, "வெளிநாட்டுக்காரங்க வரிசையில நிப்பாங்க மாமா" என்றீர்கள். நின்றார்கள், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏறுகிற இடத்தில் ஒரு பரிசோதனை, இறங்குகிற இடத்தில் கைக்காசு கட்டி ஒரு பரிசோதனை, அப்புறம் ஏழு நாள் அறைக்குள் அடைப்பு, எட்டாம் நாள் இன்னொரு பரிசோதனை என்று கொரோனா விதி வந்ததும் வரிசை கலைந்து ஓடிவிட்டது. இரண்டு வார லீவில் ஒரு வாரம் சுவரைப் பார்க்க யார் விமானம் ஏறுவார்? பிரெஞ்சுக்காரர் ஒருவர் மட்டும் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார், உங்கள் பரிசோதனைச் செலவுக்கு இங்கேயே ஒரு கூடை மாம்பழம் வாங்கித் தின்றுகொள்கிறேன் என்று.

மிஞ்சியது எல்கே அம்மா ஒருவர்தான். ஜெர்மனியில் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூணாறு தேயிலை மலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பல வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து டிக்கெட் வாங்கியிருக்கிறார். விதி மாறியபோது அந்த டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம். "ஒரு வாரம் உங்கள் அறையில் இருக்கிறேன், அடுத்த வாரம் மூணாறு போகிறேன்" என்று பொங்கல் முடிந்த கையோடு வந்து இறங்கிவிட்டார்.

அவர் வந்த அன்றே, ஊர்ச் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளர் ஜிஷா வந்தாள். "மோகனேட்டா, மதாம்ம புறத்து இறங்கான் பாடில்லா, கேட்டோ" என்று, வெள்ளைக்காரம்மா வெளியே இறங்கவே கூடாது என்பதை மலையாளத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, வெளி கேட்டில் ஒரு நோட்டீஸை ஒட்டினாள். வினை அங்கேதான் ஆரம்பம். நோட்டீஸில் எல்கே அம்மா பெயர் இல்லை. வீட்டுக்குச் சொந்தக்காரன் என்று என் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருந்தது. பொழுது சாய்வதற்குள் மோகனசுந்தரத்துக்குக் கொரோனா, பிழைப்பது கஷ்டம் என்று பொள்ளாச்சி வரைக்கும் சேதி போய்விட்டது.

நம் சனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வராதவன்கூட, மேலுக்குச் சுகமில்லை என்றால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நிற்பான். யாரும் உள்ளே வராதீர்கள் என்று ஒட்டிய நோட்டீஸ், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்குள் வந்தால் தொற்றிக்கொள்ளும் என்று விவரமாக மாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அந்த மரம் இருப்பது எல்கே அம்மாவின் ஜன்னலுக்கு நேர் எதிரே. மரம் நிறையப் பூ, மரத்தடி நிறையச் சொந்தக்காரர்கள். உங்கள் மாமியார் காப்பி போட்டே ஓய்ந்தாள்.

எல்கே அம்மா முகக்கவசத்தோடு ஜன்னலில் நின்று என்னிடம் கேட்டார், இன்று யாருக்குக் கல்யாணம் என்று. நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கல்யாணமில்லை, நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க வந்திருக்கிறார்கள் என்றேன். நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்றார். அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள் என்றேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். உங்கள் மாமியார் மருதாத்தாளோ, எல்கே அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்பதையே சட்டை செய்யவில்லை. "அம்மிணி, இன்னும் ரண்டு சந்தகை வெச்சுக்குங்க. அதா, அந்தச் சேப்புச் சீலைக்காரி என்ற சின்ன நாத்தனா. அவகிட்ட மட்டும் வாயக் குடுத்துறாதீங்க" என்று ஜன்னல் வழியாக வம்சாவளியே சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

நாலாம் நாள் என் பெரியப்பா மகன் பொங்கியண்ணன் வந்தார். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வருகிறவர். செக்போஸ்ட்டில் சர்டிபிகேட் கேட்பார்கள் என்று தென்னந்தோப்பு வழியாகவே மொபெட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பரிசோதனைமேல் பரிசோதனை செய்த எல்கே அம்மா உள்ளே அடைந்து கிடக்க, ஒன்றுகூடச் செய்யாத பொங்கியண்ணன் என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து இருமினார்.

"ஏந்தம்பி, மூக்குல வாசம் தெரியுதா?"

"தெரியுதுங்ணா. பீடி குடிச்சுட்டு வந்திருக்கறீங்க."

"அப்ப ஒண்ணும் பயமில்லே, போ" என்று சொல்லி, என் முகத்துக்கு நேராக இன்னொரு இருமல் இருமிவிட்டு எழுந்து போனார்.

ஆறாம் நாள் எனக்குக் காய்ச்சல். சோதித்ததில் கொரோனாவேதான்; ஊர் சொன்னது உண்மையாகிவிட்டது. ஜிஷா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் வழியாகக் காப்பி கொடுத்தவன் என்பதால், தொற்றே இல்லாத எல்கே அம்மா என்னோடு பழகியவர் ஆகிவிட்டார்; அவருக்கு இன்னொரு ஏழு நாள். அது முடிகிற அன்றைக்குத்தான் அவருக்குத் திரும்பிப் போகிற விமானம்.

மாப்பிள்ளை, எனக்குக் காய்ச்சல்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த மனுஷி சேர்த்த காசெல்லாம் பரிசோதனைக்கும் டிக்கெட்டுக்கும் போய், மூணாறு பார்க்காமல் போகிறாளே, அதுவும் என் வீட்டில் தங்கி, என்னால் போகிறாளே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. உங்கள் மாமியாரும் விடவில்லை. "ஊட்டுக்கு வந்த பொம்பளையக் கூட்டுல போட்ட கோழியாட்டம் பண்ணிப்போட்டீங்களே" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். கார் ஏறும்போது எல்கே அம்மா என்னிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். வெட்கத்தில் எனக்குத் தலையே நிமிரவில்லை. ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

ஆகவே விருந்தினர் வியாபாரம் இத்தோடு போதும். விருந்தாளியை அடைத்து வைத்துக் காசு வாங்குகிற பாவம் நம் குடும்பத்துக்கு வேண்டாம். வெப்சைட்டை எடுத்துவிடுங்கள். உர மூட்டைக்கு வண்டி சொல்லிவிட்டேன்.

மௌனிகாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். உங்கள் அப்பா அம்மாவை மிகவும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
மாமனார்
மோகனசுந்தரம்

பின்குறிப்பு: காய்ச்சல் அசதியில் இந்தக் கடிதம் தபாலில் சேராமல் கிடந்துவிட்டது. இப்போது மாசி பிறந்துவிட்டது. நேற்று எல்கே அம்மா வீடியோவில் கூப்பிட்டார். பக்கத்தில் அவருடைய சிநேகிதிகள் நாலு பேர். அவர் ஊரில் மூன்று வருஷம் எதிர்வீட்டில் இருந்தவள்கூட எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லையாம். இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்த சனத்தை மூணாறு மலை எங்கே காட்டியிருக்கும் என்கிறார். அந்த நாலு பேருக்கும் அதே அடைப்பு, அதே ஜன்னல், அதே சொந்தக்காரர்கள் வேண்டுமாம். உர வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பொங்கியண்ணன் இருமல் இல்லாமல் வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். இதற்கு நடுவில், வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏழு நாள் அடைப்பு இனிமேல் கிடையாது என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். அரசாங்கம் எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும். மோகனசுந்தரம் தோட்டத்தில் மட்டும் அந்த விதி இன்னும் அமலில் இருக்கிறது என்று வெப்சைட்டில் உடனே போட்டுவிடுங்கள் மாப்பிள்ளை.