ஆடி வெள்ளியும் நீல ஜீன்ஸும்

"பாவாடை நாடா அறுந்து போச்சுடி!" என்று குளியலறைக்குள்ளிருந்து ரோகிணி கத்தினாள்.

வெளியே மஞ்சள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஷபானா கடிகாரத்தைப் பார்த்தாள். "வேற பாவாடை இருக்கா?"

"இருந்தா நான் ஏன் கத்தறேன்?"

கேளம்பாக்கத்தில் இருவரும் ஒரே ஃப்ளாட்டில் குடியிருந்தார்கள். ஒரே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ரோகிணியிடம் ஜீன்ஸ் ஐந்து இருந்தன. டி-ஷர்ட்டுகளை அவளே எண்ணியதில்லை. சேலை மட்டும் ஒன்றே ஒன்று, ஆபத்துக்கு உதவட்டும் என்று அம்மா தர்மபுரியிலிருந்து கொடுத்தனுப்பியது.

இன்றைக்கு ஆபத்து வந்துவிட்டது. அவள் காதலிக்கும் ஹரிகிருஷ்ணனின் வீடு திருவிடந்தையில் இருந்தது. அங்கே ஆடி வெள்ளி பூஜை. பூஜை என்பது பெயருக்குத்தான். உண்மையில் பெண் பார்க்கும் படலம். பார்க்கப்போவது ஹரியின் அப்பாவுக்கு அக்கா, கோமளவல்லி அத்தை. அந்த வீட்டில் அத்தை தலையசைக்காமல் குக்கர்கூட விசில் அடிக்காது. ஏற்கெனவே வந்த இரண்டு வரன்களை அத்தை திருப்பி அனுப்பியிருந்தாள். ஒருத்தி கையில்லாத ரவிக்கை போட்டாளாம். இன்னொருத்தி போட்டோவில் துப்பட்டா இல்லாமல் நின்றாளாம்.

ரோகிணியின் அப்பாவும் கெடு வைத்துவிட்டார். ஆடிக்குள் ஹரி வீட்டில் சம்மதம் வராவிட்டால், ஆவணி பிறந்ததும் ஓசூர் மாப்பிள்ளைக்குத் தட்டு மாற்றிவிடுவார்.

இத்தனையும் போதாதென்று ஹரி, "அத்தை, அவ சேலையைத் தவிர வேற எதையும் உடம்புல போட்டதே இல்ல" என்று வாக்குக் கொடுத்திருந்தான். காதலிக்கிறவனுக்கு வாய் மட்டும் நீளம்.

"ஜீன்ஸ் போட்டுக்கோ. அது மேல சேலையைக் கட்டறேன்" என்றாள் ஷபானா. "கொசுவத்தை பெல்ட்ல சொருகினா புயல் அடிச்சாலும் அவிழாது."

"யாராவது பார்த்துட்டா?"

"சேலைக்குள்ள யாருடி எட்டிப் பார்க்கப்போறாங்க? நான் ஆம்பூர் போறப்ப பஸ்ல பர்தாவை எடுத்து மாட்டிக்கறேன். உள்ள இதே ஜீன்ஸ்தான். எங்க பெரியம்மா இன்னிக்கு வரைக்கும், பட்டணத்துல இருந்தும் என்ன அடக்கம் பாருன்னு ஊர் பூரா சொல்லிட்டிருக்காங்க."

ரோகிணி ஜீன்ஸை மாட்டும்போது போன் வந்தது. தெரியாத எண். எடுத்தால் ஹரி.

"என் போன்ல பேலன்ஸ் இல்ல, அம்மா போன்லேருந்து பேசறேன். தீபாவளிக்கு வாங்கிக் குடுத்தேன். பச்சை பட்டனை ரெண்டு தடவை அமுக்கத்தான் அவங்களுக்குத் தெரியும். கடைசியா யாருக்குப் போட்டோமோ, நாள் பூரா அவங்களுக்கே போகுது. நேத்தெல்லாம் கேஸ் ஏஜென்சிக்காரன் பாடு திண்டாட்டம். சரி, கிளம்பிட்டியா?"

"கிளம்பிட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு ரோகிணி போனை வழக்கம்போல ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். ஷபானா அதன் மேல் சேலையைச் சுற்றி, பத்துப் பன்னிரண்டு பின்களைக் குத்தி அனுப்பிவைத்தாள்.

ஷேர் ஆட்டோவில் கோவளம் போய் பஸ் ஏறிய பிறகுதான் ரோகிணிக்கு வலது தொடையின் கனம் உறைத்தது. போன் உள்ளே இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் சேலையை அவிழ்க்க வேண்டும். அதற்கு ஈ.சி.ஆர் பஸ் ஏற்ற இடமில்லை. ஆபீஸ் பழக்கத்தில் சத்தத்தை நிறுத்தி, அதிர மட்டும் விட்டிருந்தாள். அவளுக்கோ சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். யாராவது விரலை நீட்டினாலே நெளிவாள். யாரும் கூப்பிடக் கூடாது என்று நித்யகல்யாணப் பெருமாளை வேண்டிக்கொண்டு இறங்கினாள்.

வாசலிலேயே அத்தை நின்றாள். நெற்றியில் எட்டணா அளவுக்குக் குங்குமம்.

"இதான் அந்தப் பொண்ணா? பொடவயில ஷோக்காத்தான் கீது. கால நனைச்சிகினு உள்ள வா."

அத்தைக்குப் பின்னால் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு ஹரியின் அம்மா ஜெகதாம்பாள் வந்தாள். அதிகம் பேசாத பெண்மணி. ரோகிணிக்கு அத்தையின் வாயைவிட இந்த அம்மாளின் மௌனம்தான் அதிகம் பயமாக இருந்தது.

"பொடவய நல்லாத் தூக்கிக்கம்மா, நனைஞ்சிடப் போவுது" என்றாள் அத்தை.

ரோகிணி இரண்டு விரற்கடை தூக்கினாள்.

"இன்னாது, காசு குடுத்து தூக்கறாப்ல தூக்கற?"

"பரவாயில்ல அண்ணி, நான் பார்த்து ஊத்தறேன்" என்று ஜெகதாம்பாள் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து, சேலை நிற்கிறதா என்று கேட்பதற்காக ஷபானா கூப்பிட்டாள். தொடையில் வண்டு குடைந்தது. ரோகிணி ஒரு துள்ளுத் துள்ளினாள்.

"இன்னாம்மா துள்ற?"

"தண்ணி... ரொம்ப சில்லுனு இருக்கு அத்தை."

"காய்ச்சின தண்ணிம்மா அது!"

குனிந்திருந்த ஜெகதாம்பாள் ஒரு கணம் நிமிர்ந்து ரோகிணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலை நுனியைக் கீழே இழுத்துவிட்டாள். நேராகச் சமையலறைக்குப் போய், பாத்திரம் தேய்க்கும் செங்கம்மாளிடம் ஏதோ சொல்லிவிட்டு, பூஜை மணியோடு கூடத்துக்கு வந்தாள். பார்த்துவிட்டாளா இல்லையா என்று ரோகிணிக்குத் தெரியவில்லை.

கூடம் நிறையச் சிவப்புச் சேலைகள். ஆண்களை போர்டிகோவுக்குத் துரத்தியாகிவிட்டது. பெண்கள் அம்மன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அத்தை ரோகிணியைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஜீன்ஸோடு சம்மணம் போட்டதும் பெல்ட் வயிற்றைக் கவ்வி மூச்சை நிறுத்தியது.

"வூட்லயும் பொடவதானா?"

"ஆமா அத்தை."

"படுக்கறப்ப?"

"அப்பவும் சேலைதான்."

"ஓடிப்போயி பஸ் ஏறணும்னா?"

"தூக்கிச் சொருகிக்குவேன் அத்தை."

அத்தைக்குத் திருப்தி. "இந்த ஜெகதா கீறாளே, கண்ணாலத்துக்கு முந்தி பெரிய ஸ்டைலு. கைல வாட்ச்சு, கண்ல கருப்புக் கண்ணாடி, சைக்கிள் வேற. வந்த அன்னிக்கே எல்லாத்தயும் கழட்டி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். இன்னி வரைக்கும் தொட்டதில்ல, கேட்டுக்கோ."

ஜெகதாம்பாள் முந்தானையால் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அத்தை ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே சிவப்புச் சேலை. "ஆத்தாளுக்குச் சாத்தி எடுத்தது. எந்திரி, உள்ள ரூமுக்கு வா. நானே உனக்குக் கட்டி உடறேன்."

ரோகிணிக்கு உயிர் போய் வந்தது. "எனக்கே கட்டத் தெரியும் அத்தை!"

"தெரியாமயா? ஆனா மொதப் பொடவ பெரியவ கையாலதான் கட்டணும், அதான் இந்த வூட்டு வயக்கம்" என்று அத்தை அவள் கையைப் பிடித்து எழுப்பினாள்.

ஜெகதாம்பாள் அம்மனுக்குக் கற்பூரம் காட்டி மணி அடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் தொடை அதிர்ந்தது. "ஐயோ!" என்று ரோகிணி எகிறினாள். எப்படியாவது அணைக்க வேண்டும் என்று சேலைக்கு மேலாகவே பட்பட்டென்று தொடையில் அடித்தாள். போன் நிற்கவில்லை. அவளாலும் நிற்க முடியவில்லை.

"ஆத்தா வந்துட்டாடி!" என்று ஒருத்தி கூவினாள். பாட்டு வேகம் பிடித்தது. எங்கிருந்தோ வேப்பிலை வந்தது.

ஒருவழியாக அதிர்வு நின்றது. அத்தை மட்டும் அசரவில்லை. "கால் மரத்துப் போனாக்கூட இப்டித்தான் குதிப்பாங்க. நான் பாக்காத அருளா? நீ வாம்மா உள்ள."

மறுபடி மணி ஒலித்தது. மறுபடி தொடை அதிர்ந்தது. இந்த முறை கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. பெல்ட் இறுக்கியதில் கண் வேறு பிதுங்கியது. இதைவிட அசல் அருளைத் திருவிடந்தை பார்த்திருக்காது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ரோகிணிக்கு அழுகை வந்தது. சேலை விஷயத்தில் பொய் சொன்னது ஹரிக்காக. சாமி பெயரில் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. வருவது வரட்டும், எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று மூச்சு வாங்க நிமிர்ந்தாள்.

"அத்தை, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான்..."

மணி கணகணவென்று ஒலித்தது. அடுத்த வார்த்தைக்குப் பதிலாக அவள் வாயிலிருந்து "ஹூ ஹூ" என்றுதான் வந்தது.

இப்போது அத்தையின் குரலே மாறிவிட்டது. "சொல்லு தாயே, யாரு நீ?"

"நான் ரோகிணி!"

"ரோகிணி மேலதான் வந்துகீற, தெரியுது. நீ யாருன்னு கேட்டேன். சரி, பேர் வேணாம். இந்தப் பொண்ணு எங்க வூட்டுக்கு விளக்கேத்த வரலாமா, சொல்லு. வரலாம்னா இன்னொரு தபா ஆடிக் காட்டு. ஆடலன்னா இந்தப் பேச்ச இதோட உட்டுர்றேன்."

பாட்டு நின்றது. போர்டிகோவில் ஹரியின் தலை ஜன்னலோரம் எழும்பியது. ரோகிணி ஆடக் கூடாது என்று முடிவு செய்தாள். ஹரி கிடைக்காமல் போனாலும் போகட்டும், கடவுள் பெயரைச் சொல்லிக் கல்யாணம் வேண்டாம். பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றாள். நெஞ்சு மட்டும் ஹரி, ஹரி என்று அடித்துக்கொண்டது.

ஜெகதாம்பாள் மணியை நிதானமாக, நீளமாக அடித்தாள்.

போன் வந்தது. ரோகிணி தாங்கினாள். இன்னும் வந்தது. உதட்டைக் கடித்துத் தாங்கினாள். அப்புறம் கூச்சம் தாளாமல் தலை முதல் கால்வரை உதறி, கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டாள்.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" என்று அத்தை நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தாள். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. "இன்னாது... பொடவைக்குக் கீழ நீலமா..."

ஜெகதாம்பாள் ஓடிவந்து கூடையிலிருந்த வேப்பிலை அத்தனையையும் ரோகிணியின் காலில் கொட்டினாள். "முதல்ல ஆத்தா பாதத்துக்கு இலை போடுங்க அண்ணி!" பின்னாலேயே மற்றவர்களும் அள்ளி அள்ளிப் போட்டதில் முழங்கால்வரை பச்சைதான் தெரிந்தது.

அத்தை எழுந்து போர்டிகோவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "டேய் ஹரி, ஆவணில கண்ணாலம்! தர்மபுரிக்குப் போன் போடு." பிறகு ரோகிணியின் கன்னத்தை வழித்து முறித்தாள். "ஆத்தா எறங்கின ஒடம்பு, இன்னிக்குப் பொடவய மாத்தக் கூடாது. செவப்புப் பொடவ அடுத்த வாரத்துக்கு. இனிமே வருசா வருசம் ஆடி வெள்ளி பூரா நீதான் இங்க வந்து ஆடணும்."

ரோகிணி தள்ளாடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஜெகதாம்பாள் கூழை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, எனக்கு அருள் எதுவும் வரல" என்று சொல்லும்போதே ரோகிணிக்கு அழுகை முட்டியது. "உள்ள ஜீன்ஸ் போட்டிருக்கேன். பாக்கெட்ல போன் இருக்கு. யாரோ விடாம கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. சேலையே எனக்குக் கட்டத் தெரியாது. அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க. உங்களை ஏமாத்திட்டு என்னால இந்த வீட்டுக்கு வர முடியாது."

ஜெகதாம்பாள் டம்ளரை அவள் கையில் கொடுத்தாள். "அடுத்த வாரம் பெல்ட்டை ரெண்டு ஓட்டை தளர்த்திப் போட்டுக்கம்மா. கூழைக் குடி."

ரோகிணி புரியாமல் விழித்தாள். அப்போது கொல்லைப்பக்கத்திலிருந்து செங்கம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு செல்போனை நீட்டியபடி வந்தாள்.

"யம்மா, நீ மணி அடிக்கிறப்பல்லாம் இந்தப் பச்ச பட்டன ரெண்டு தபா அமுக்கிகினே இருந்தேன், பூஜதான் முஞ்சிபோச்சே, இன்னும் அமுக்கணுமா, போதுமா?"