டைம்கீப்பருக்கு வந்த என் வியாதி

சங்கரன்கோவிலில் டைம்கீப்பர் அண்ணாச்சி விசில் ஊதிய பிறகுதான் சூரியனே உதிக்கும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் பிரைவேட் பஸ்களுக்கு முப்பது வருஷம் நேரம் எழுதியவர் அவர். ஒரு வண்டி இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றால் பின்னால் வரும் வண்டிக்காரன் சட்டையைப் பிடிப்பான். அந்த இரண்டு நிமிடத்தைக் காப்பாற்றவே பிறந்தவர் போல நோட்டும் விசிலுமாக நிற்பார். சொந்தப் பெயர் என்னவென்று ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் அவருக்கே தெரியும்.

வேலையை விட்ட பிறகும் நோட்டை விடவில்லை. கல்யாண வீட்டில் தாலி கட்ட நேரமானால் எழுந்து நின்று விசில் ஊதுவார். துஷ்டி வீட்டில், "மூணு மணிக்கு எடுக்கம்னு சொன்னிய, மூணு இருவது ஆவுது. அந்த மனுசன் எம்புட்டு நேரந்தான் படுத்துக் கெடப்பாரு?" என்று சத்தம் போடுவார். ஆடித்தபசுக்கு சாமி காட்சி கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, "போன வருசத்துக்கு நாலு நிமிசம் லேட்டு" என்று பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் புகார் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் என் மண்டைக் கோளாறை ஒப்படைத்தேன்.

நான் கணக்கு டியூஷன் வாத்தியார், வாராவாரம் இந்தப் பத்திரிகையில் கட்டுரையும் எழுதுகிறவன். பிள்ளைகளிடம் கோபப்பட மாட்டேன், எல்லாம் வீட்டில்தான். மனைவி கோமதி போனை எடுக்கப் பத்து நிமிடம் ஆனால், என்னை விட்டே போய்விட்டாள் என்று தோன்றும். வந்ததும் கத்துவேன். கத்தியதற்கு வெட்கப்பட்டுச் சுவரில் தலையை மோதிக்கொள்வேன். ஒரு நாள் ஜன்னல் கண்ணாடியில் குத்தி, கையில் தையல் போட வேண்டியதாயிற்று. மறுநாளே கோமதி மேலநீலிதநல்லூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"வைத்தியம் பாருங்க, நான் வாரேன். பாக்காம என்னைக் கூப்பிட வராதிய" என்றாள்.

சென்னையில் தம்பி வீட்டுக்குப் போய், அங்கே ஒரு டாக்டரைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி' என்று எழுதிக் கொடுத்தார். "வாராவாரம் போகணும். உங்க ஊர்ப் பக்கமே தேடிப் பாருங்க" என்றார். யாரைத் தேடுவது, எங்கே தேடுவது, அது விழுங்குகிற சமாசாரமா, தடவுகிற சமாசாரமா, எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான். நான் 'அந்த மாதிரி' டாக்டரிடம் போவது ஊருக்குத் தெரிந்தால், மறுநாள் டியூஷன் பாயில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன்.

எதிர்வீட்டில் இருக்கும் டைம்கீப்பர் அண்ணாச்சியிடம் மட்டும் மறைக்க முடியவில்லை.

"செவ்வாக்கெழம சாயங்காலம் ஆறு பதினேழுக்கு ஒரு சத்தம் கேட்டுது. என்னவே அது?" என்று நோட்டைப் பார்த்துக் கேட்டார். கட்டுப் போட்ட கையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீரு அலைய வேண்டாம். நான் போயி வாங்கிட்டு வாரேன்."

"அண்ணாச்சி, இது கடையில வாங்குத மருந்து மாதிரி தெரியலையே."

"என்னவா இருந்தா என்ன? ஒங்க அம்மைக்கு சுகர் மாத்திரைய யாரு சீட்டக் காட்டி வாங்கிட்டு வந்தா?"

எங்கள் ஊரில் இது வழக்கம்தான். நோயாளி வீட்டில் படுத்திருப்பார், சீட்டுதான் பஸ் ஏறும். திருநெல்வேலிக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் சட்டைப் பையில் நாலு வீட்டுச் சீட்டு இருக்கும். ஆனால் மனநல டாக்டர்கள் சீட்டோடு பேச மாட்டார்கள், ஆளோடுதான் பேசுவார்கள் என்பது போன பிறகுதான் அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கிறது. அசரவில்லை. நோயாளி நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள போனது பத்து நாப்பது. வெளிய வந்தது பத்து நாப்பத்தி நாலு" என்றார் திரும்பி வந்து. "நீரு செவத்துல முட்டுத கதைய முடிக்கதுக்குள்ள மாத்திரை எழுதிட்டாரு."

"அந்தத் தெரபியக் கேட்டியளா?"

"கேட்டேன். ஒறக்கம் வருதான்னு கேட்டாரு."

அடுத்த டாக்டர் ஒன்றேகால் மணி நேரம் பேசினாராம். விடியற்காலம் எழ வேண்டும், பொறுமை வேண்டும், காலேஜில் தான் எவ்வளவு பொறுமையாக இருந்தார் என்று வரிசையாகச் சொன்னாராம். "அதுதான் அந்தத் தெரபியான்னு கேட்டேன். ஆமான்னாரு. எனக்குத்தாம்வே கோவம் வந்துட்டு" என்றார் அண்ணாச்சி.

மூன்றாவது, மதுரையில் ஒரு பெரிய டாக்டர். அவர்தான் விஷயத்தை உடைத்திருக்கிறார். "நீங்க டாக்டரா தேடி அலையறீங்க. தேவைப்பட்டா நான் மாத்திரை எழுதுவேன். மனசு பொங்கும்போது சமாளிக்கப் பழக்கற இந்தப் பயிற்சிய பெரும்பாலும் அதுக்குன்னு பழகின சைக்காலஜிஸ்ட்தான் தருவாங்க. எங்க பழகினீங்க, தனியா பேசறதோட குரூப் வகுப்பும் உண்டான்னு கேட்டுட்டுச் சேருங்க" என்று சொல்லி, பாளையங்கோட்டையில் ஓர் அம்மாவின் விலாசத்தைக் கொடுத்தாராம்.

"பாளையங்கோட்டைக்கு வழி கேக்க மதுரைக்குப் போயிட்டு வந்திருக்கேன்" என்று அண்ணாச்சி அன்று முழுக்கப் புலம்பினார்.

இதற்குள் மூன்று மனநல டாக்டர்களின் வாசலிலும் அவரை நம் ஊர்க்காரர் யாராவது பார்த்திருந்தார்கள். "விசில் ஊதி ஊதி மூளைக்கு ஏறிட்டு, பாவம்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமைதோறும் அவர் நான் என்று சொல்லிக்கொண்டு பாளையங்கோட்டை அம்மாவிடம் போய்வந்து, சாயங்காலம் தெரபியைப் பார்சலாக என்னிடம் இறக்குவார்.

"மொதப் பாடம். நீரு இப்பம் இருக்கபடியே சரி. ஆனா மாறவும் செய்யணும்."

"ரெண்டுல எது அண்ணாச்சி?"

"ரெண்டும்."

"அது எப்படி ரெண்டும்?"

"நம்ம கோயிலுக்குள்ள போனதே இல்லியா? ஒத்த ஒடம்புல பாதி சிவன், பாதி பெருமாளு. எது சரின்னு யாராவது கேக்காவளா?"

ஒரு கணக்குக்கு இரண்டு விடை எழுதினால் தப்புப் போட்டே பழகிய கை என்னுடையது. தலையாட்டி வைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு வாளி நிறைய ஐஸ் தண்ணீரோடு வந்தார். கோபம் தலைக்கேறும்போது முகத்தை அதில் முக்க வேண்டுமாம். எனக்கு அப்போது கோபமே இல்லை. "ஒத்திகை" என்று சொல்லிப் பிடரியைப் பிடித்து முக்கினார். விசில் ஊதிய பிறகுதான் விட்டார். அதற்கப்புறம் கோபம் வந்தது.

அதற்கும் அடுத்த வாரம், தினமும் மனசு எப்படி இருந்தது என்று குறித்து வைக்க அந்த அம்மா ஒரு தாள் கொடுத்திருந்தார். "இதெல்லாம் ஒரு ஷீட்டா?" என்று அண்ணாச்சி அதை ஒதுக்கிவிட்டுத் தன் நோட்டில் கோடு போட்டுத் தந்தார். வண்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் 'கோவம்'. பக்கத்தில் வந்த நேரம், புறப்பட்ட நேரம், லேட்டானால் காரணம்.

முதல் நாள், வந்த நேரம் ஏழு பத்து என்று எழுதிவிட்டு மற்றதை வெறுமையாக விட்டேன்.

"ஸ்டாண்டுக்குள்ள வந்த வண்டி வெளிய போயித்தாம்வே ஆவணும். எப்பம் போச்சுன்னு பாத்து எழுதும்" என்று அதட்டினார்.

பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் போயிருந்தது. என் கோபம் தானாகக் கிளம்பிப் போகும் என்பது இத்தனை வயதில் எனக்கு அதுவரை தெரியாது. அந்த நோட்டைப் பார்த்து அந்த அம்மா அசந்துபோய், தானும் ஒரு நகல் எடுத்துக்கொண்டாராம்.

ஐந்தாவது வாரம் மாட்டிக்கொண்டார். "அடுத்த தடவை உங்க மனைவியக் கூட்டிட்டு வாங்க" என்றிருக்கிறார் அந்த அம்மா. அண்ணாச்சிக்குக் கல்யாணமே ஆகவில்லை. திருதிருவென்று முழித்துவிட்டு உண்மையைக் கக்கிவிட்டார். அந்த அம்மா முதலில் சிரித்தாராம். பிறகு, "உங்களுக்காக இன்னொருத்தர் நீச்சல் கத்துக்க முடியுமா? அவரே வரணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு ஐந்து வண்டி. பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் கால் நகரவில்லை. டியூஷன் பிள்ளைகளின் அப்பாக்கள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். திரும்பிப் போய்விட்டால் டியூஷன் இருக்கும், கோமதி இருக்க மாட்டாள். அது தெரிந்தும் நின்றேன். டிரைவர் வண்டியை உறுமவிட்டார்.

அண்ணாச்சி விசிலை எடுத்து ஊதினார். மொத்த ஸ்டாண்டும் திரும்பியது.

"எய்யா, எல்லாரும் கேட்டுக்கிடுங்க! எனக்கு மண்ட கொழம்பிட்டு. தனியா வரப்படாது, தொணைக்கு ஆளோட வான்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. இந்த வாத்தியாரு தொணைக்கு வாராரு!"

பிறகு என் காதருகில் வந்து, "ஏறும்வே, ஒரு நிமிசம் லேட்டு" என்றார். ஏறினேன். அந்த அப்பாக்களில் ஒருவர் ஜன்னலோரம் வந்து, "ஒங்களுக்குப் புண்ணியம் சார், இந்தக் காலத்துல யாரு செய்வா?" என்றார். நான் அதற்கும் தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஒரு வருஷம் சனிக்கிழமை தவறாமல் போனோம். பனவடலிசத்திரம் தாண்டும் வரை தானாகப் பேசுவார், வெறும் வெளிக்குச் சல்யூட் வைப்பார். தெரிந்த முகங்கள் இறங்கியதும் தூங்கிவிடுவார். எனக்கு உள்ளே வகுப்பு, அவருக்கு வெளியே பெஞ்சு. எட்டாவது மாதம் கோமதி பெட்டியோடு வந்து இறங்கினாள். எனக்குக் கோபம் இன்னும் வருகிறது. நேரம் எழுதுகிறேன், போய்விடுகிறது.

ஊருக்கு மட்டும் அண்ணாச்சி பைத்தியமாகவே நிலைத்துவிட்டார். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் எழுந்துவிடுகிறான். போன வாரம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்துவிட்டு, "அவரக் கூட்டிட்டு வந்திராதீங்க சார்" என்றார்கள்.

அன்றைக்கே அவரிடம் போய், எல்லாவற்றையும் இந்த வாரக் கட்டுரையில் எழுதப்போகிறேன் என்றேன்.

"டியூசன் போயிருமேவே?"

"போனாப் போகட்டும் அண்ணாச்சி."

"எனக்கு என்ன, பொண்ணா பாக்காவ? நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றார்.

அவர் அப்படியே இருந்துவிட்டுப் போவதை என்னால் தாங்க முடியவில்லை. கூடப் பிறந்தவன்கூட எனக்காக இவ்வளவு செய்திருக்க மாட்டான். ஆகவே ஊராரே, டீக்கடைக்காரரே, கல்யாண வீட்டுக்காரரே, சனிக்கிழமை எட்டு ஐந்து வண்டியில் போன நோயாளி நான்தான். துணைக்கு வந்தவர் அவர்.