நஜ்மாவுக்கு வழி விடாத நாள்

சீனி வருத்தக்காரனை டொக்டர் நடக்கச் சொன்ன அன்றே, அவன் நடக்கும் நிலமெல்லாம் அவன் பெயருக்கு வந்துவிடுகிறது. வேறெந்த வருத்தமும் மனிதனுக்கு இப்படியொரு நில உரிமையைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. காய்ச்சல்காரன் கட்டிலோடு திருப்திப்படுகிறான். பல்வலிக்காரன் உலகத்தையே வேண்டாம் என்கிறான். சீனிக்காரன் மட்டும் சுபஹு தொழுதுவிட்டு, சப்பாத்தைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு இறங்கி, எதிரில் வருகிறவனையெல்லாம் தன் வளவுக்குள் வேலி பாய்ந்தவனைப் போலப் பார்க்கிறான். (நான் அப்படித்தான் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.)

கல்முனைக்குடியில் எனக்கு ஒரு புடவைக்கடை இருக்கிறது. வருடக்கணக்காகக் கதிரையில் இருந்து துணி வெட்டியதில், துணி குறைந்ததே தவிர நான் குறையவில்லை. இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்த்த டொக்டர் தலையை ஆட்டிவிட்டு, தினமும் காலையில் நடக்கச் சொன்னார். நடந்தேன்.

எங்கள் கடற்கரையில் நடப்பது லேசான காரியமில்லை. மேல் மணலில் கால் புதையும். கொஞ்சத் தூரத்துக்குள் மூச்சு வாங்கும். ஆனால் தோணிகளை இழுத்து வைத்திருக்கும் இடத்துக்கும் அலை வந்து திரும்பும் இடத்துக்கும் நடுவே, ஈரம் இறுகிக் கிடக்கும் ஒரு பட்டி உண்டு. சிமெந்துத் தரை மாதிரி இருக்கும். மாரிக் காலத்தில் கடல் ஏறினால் அது ஒரு பாயின் அகலத்துக்குச் சுருங்கிவிடும். அந்தப் பட்டியில்தான் நாங்கள் நடந்தோம். நாங்கள் என்றால் நானும் வின்சன்ட் மாஸ்டரும், எங்களுக்குப் பின்னால் கடைக்காரரும் கந்தோரில் வேலை பார்ப்பவர்களுமாக ஒரு கூட்டமும். மாஸ்டர் மெதடிஸ்த கோயில்காரர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், என் கடையில் வெள்ளைச் சேட்டுத் துணியைத் தவிர வேறொன்றையும் தொட்டுப் பார்க்காதவர். கூட்டத்துக்குத் தலைவர் என்று யாரும் இருக்கவில்லை. அதனால் நான் தலைவராக இருந்தேன்.

ஒருநாள் அந்தப் பட்டியில் குதிரை வந்தது.

கொண்டுவந்தவன் ஃபலீல். கட்டாரில் ஒரு பெரிய மனிதரின் குதிரை லாயத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். வெளிநாடு போனவர்கள் பிளாங்கட் கொண்டு வருவார்கள், பெரிய தொலைக்காட்சிப் பெட்டி கொண்டு வருவார்கள். இவன் வந்த கையோடு நுவரெலியாவுக்குப் போய், பந்தயத்துக்கு வயது போய்விட்டது என்று விற்ற ஒரு பெண் குதிரையை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

அதை நான் முதலில் பார்த்தபோது சூரியன் கடலுக்கு மேலே பாதிதான் வந்திருந்தது. தூரத்தில் ஏதோ அசைந்தது. மோட்டார் சைக்கிள் என்று நினைத்தேன். பிறகு நிலம் லேசாக அதிர்ந்தது. கறுப்பா மண்ணிறமா என்று சொல்லமுடியாத ஓர் உடம்பு, சூரியனுக்குக் குறுக்காக, தண்ணீரைச் சிதற அடித்துக்கொண்டு போனது. கழுத்திலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. நான் குதிரையைக் கலண்டரில் கண்டவன். கலண்டர் குதிரைக்கு மூச்சுச் சத்தம் கிடையாது. இது பக்கத்தால் போனபோது அந்த மூச்சு என் நெஞ்சுக்குள்ளே கேட்டது. வாய் தானாக “மாஷா அல்லாஹ்” என்றது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். விலைவாசி கதைத்துக்கொண்டு வந்த கூட்டம் முழுவதும் வாயை மூடிக்கொண்டு நின்றது. அந்தக் கூட்டம் வாய் மூடி நான் கண்டது அதுதான் முதல் தடவை.

ஆச்சரியம் ஒரு கிழமை தாங்கியது. பிறகு, சிமெந்து போலிருந்த எங்கள் பட்டியில் குளம்புக் குழிகள் விழுந்தன. ஒருவருக்குக் கால் பிரண்டது. வின்சன்ட் மாஸ்டர் வெள்ளைச் சப்பாத்தோடு குதிரைச் சாணியில் இறங்கினார். (மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து நான் சொன்னேன்.) பின்னாலிருந்து குளம்புச் சத்தம் கேட்டால் நாங்கள் நாலு பக்கமும் சிதறி ஓடினோம். சீனிக்கு அது நல்லதாக இருந்திருக்கும். மரியாதைக்கு நல்லதாக இல்லை.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. குதிரையின் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. அதனால் ஃபலீல் அதற்கு நட்சத்திரம் என்று அரபியில் பெயர் வைத்திருந்தான், நஜ்மா என்று. என் மனைவியின் பெயரும் நஜ்மா. நடுக் கடற்கரையில் ஒருவன், “மெதுவா போ நஜ்மா”, “என்ட தங்கம் நஜ்மா” என்று கத்திக்கொண்டு போக, பின்னால் வரும் கூட்டம் என் முதுகைப் பார்த்துச் சிரித்தால் எந்தக் கணவனுக்குப் பொறுக்கும்?

வீட்டுக்கு வந்து பொங்கினேன். மனைவி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.

“குதிரைக்கு என்ட பேரா?” என்று கேட்டுவிட்டுப் பிழிவதை நிறுத்தினாள். “வடிவா இரிக்காளா?”

அந்த வீட்டில் எனக்கு நியாயம் கிடைக்காது என்று விளங்கிவிட்டது.

தேநீர்க் கடையில் இரண்டு தரப்பும் கூடிப் பேசினோம். கடற்கரை மனிதர் நடப்பதற்கு உள்ளது என்று நான் ஆரம்பித்தேன். குழியைச் சொன்னேன், சாணியைச் சொன்னேன், சத்தத்தைச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. ஃபலீல் என்னை அண்ணன் முறையில் காக்கா என்று அழைத்து, மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சாணியைத் தானே அள்ளுவதாக ஒப்புக்கொண்டான். நாங்கள் பட்டி முழுவதையும் மதில் மாதிரி மறைத்துக்கொண்டு நடக்கிறோம், ஒரு பக்கம் ஒதுங்கினால் போதும் என்றான். அவன் ஏன் மேல் மணலில் குதிரை ஓட்டக்கூடாது என்று கேட்டேன்.

“அவளுக்கு முன்கால் ஏலா, காக்கா. புதையிற மணல்ல ஓடினா நரம்பு இழுத்திரும். மிருக வைத்தியர் ஈர மணல்லதான் நடத்தச் சொல்லியிரிக்கார்.” கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னான்: “உங்கள மாதிரித்தான். அவளையும் டொக்டர் நடக்கத்தான் சொல்லியிரிக்கார்.”

கடை முழுவதும் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சமாதானமாகப் போயிருக்கலாம். நான் எழும்பி, நாளையிலிருந்து எங்கள் கூட்டம் நடக்கும் நேரத்தில் அந்தப் பட்டியில் குதிரை கால் வைக்கப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தேநீருக்கு மாஸ்டர் காசு கொடுத்தார்.

மறுநாள் விடியும்போது தூறல். கடல் இரவு முழுக்க இரைந்து, பட்டியைப் பாதிக்கு மேல் தின்றிருந்தது. வாடிக்கையாளரை வாகனம்வரை கொண்டுபோய் விடுவதற்காகக் கடையில் வைத்திருந்த பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டேன். இடுப்பில் சாறன், அதற்குக் கீழே காலில் சப்பாத்து, கையில் சுருட்டிய குடை. (ஒரு படைத்தளபதி எப்படி இருக்கவேண்டும் என்று எனக்கு அன்று தோன்றியதோ, அப்படி.) இந்தக் கடலில் சும்மா நடப்பதே புத்தியில்லை, குதிரையை மறிப்பது அதைவிட மோசம் என்று மாஸ்டர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவன் இறங்கி நிற்கும்போது கதைப்போம் என்றார். நான் பட்டியின் நடுவில் போய் நின்றேன். கூட்டம் தோணிகளுக்குப் பின்னால் நின்றது.

நஜ்மா வந்தாள்.

தூறலுக்குள் முதலில் வெள்ளைப் பொட்டுத்தான் தெரிந்தது. போக்குவரத்துப் பொலிஸ்காரரைப் போலக் கையை உயர்த்தினேன். ஒதுங்கச் சொல்லி ஃபலீல் கத்துவது கேட்டது. மிருகத்துக்கு முன்னால் நம்மைப் பெரிதாகக் காட்டவேண்டும் என்று தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். (அது கரடிக்குச் சொன்னது. பிற்பாடுதான் ஞாபகம் வந்தது.) குடையின் பொத்தானை அமுக்கினேன். குடை ‘டப்’ என்று விரிந்தது.

குதிரை எழும்பியது. இரண்டு முன்னங்கால்களும் என் தலைக்கு மேலே, மழை வானத்துக்குள் போய் நின்றன. ஏலாத கால் என்று அவன் சொன்னது அந்தக் கால்களில் ஒன்றைத்தான். இவ்வளவு பெரிய ஒன்றைப் படைத்து, அதை இப்படி நிமிர்த்தி வைக்க முடிந்தவனின் வல்லமையை நினைத்து, பயப்படுவதற்கு முன்னால் ஒரு கணம் நான் வியந்துபோய் நின்றேன். அடுத்த கணம் ஃபலீல் மணலில் விழுந்தான். குதிரை என்னைத் தொடாமல், மயிரிழையில் திரும்பி, வந்த வழியே பறந்தது. நான் குடையோடு திசை பாராமல் ஓடினேன். ஓடிய பக்கம் கடல் இருந்தது.

முதல் அலை காலை வாரியது. திரும்பிய தண்ணீர் விரிந்த குடைக்குள் நிறைந்து, வாளி இழுப்பதுபோல என்னை உள்ளே இழுத்தது. புத்தியுள்ளவன் குடையை விட்டிருப்பான். நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். சாறன் தன் வழியில் போனது. (உள்ளே கட்டைக் காற்சட்டை இருந்ததற்கு இன்றும் அல்ஹம்துலில்லாஹ்.) குடையும் போனபோது என் காலுக்குக் கீழே நிலம் இல்லை. கடல் இரைச்சல் கேட்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான், நீந்தத் தெரியாது. அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஓர் அலை மூடும், திறக்கும், மற்றது மூடும். கலிமாவைச் சொல்ல வாய் திறந்தால் உப்புத் தண்ணீர் வந்தது. அந்த நேரத்தில் கரையிலிருந்து ஒரு குரல், “நஜ்மா, நஜ்மா” என்று கூப்பிட்டது. இடியப்பம் பிழிந்த என் மனைவியின் கை நினைவுக்கு வந்தது. யாரோ அவளுக்குச் சேதி சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கூப்பிட்டது ஃபலீல். பிறகு மாஸ்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்: விழுந்ததில் அவனுக்கு ஒரு தோள் விலகியிருந்தது. ஒரு கை தொங்க, மற்றக் கை விரலை வாயில் வைத்து விசில் அடித்தானாம். தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த குதிரை நின்றது, திரும்பியது, வந்தது. ஒற்றைக் கையால் தொற்றி ஏறினான். குதிரையின் தலையைக் கடல் பக்கம் திருப்பியதும் அது தயங்கியதாம். காதருகே குனிந்து ஏதோ சொன்னானாம். என்ன சொன்னான் என்று இன்றுவரை அவன் சொல்லவில்லை.

நான் கண்டது இவ்வளவுதான். வெள்ளை நுரைச் சுவர் ஒன்று உடைந்து, அதற்குள்ளிருந்து ஒரு நெஞ்சு வந்தது. தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் குதிரை மலை மாதிரி. மூக்குத் துவாரங்கள் சிவந்து விரிந்திருந்தன. கண்ணில் பயம் இருந்தது, என் கண்ணில் இருந்த அதே பயம். ஆனாலும் அது வந்துகொண்டிருந்தது. சற்று முன் அதை வெருட்டியவனை நோக்கி, அலைக்கு எதிராக, ஏலாத காலோடு, வந்துகொண்டே இருந்தது. என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் திரும்பியது.

“வாலப் புடிங்க காக்கா. என்ன நடந்தாலும் உடாதீங்க.”

பிடித்தேன். பிறகு நடந்தது நீச்சல் இல்லை, இழுவை. அலை தூக்கியபோதெல்லாம் அந்த உடம்பின் பலம் வால் வழியாக என் தோளுக்குள் இறங்குவதை உணர்ந்தேன். வயிற்றில் மணல் உரசியது. முழங்காலில் உரசியது. எழும்பி நின்றேன்.

“கரை வந்திட்டு காக்கா. இனி வால உடுங்க.”

விடவில்லை. விட மறுத்தேன் என்றில்லை, விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. உதைக்கப் போகிறது என்று கூட்டம் கத்தியது. நஜ்மா உதைக்கவில்லை. ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, என் நடைக்கேற்ப மெதுவாக நடக்கத் தொடங்கினாள். மேல் மணலைத் தாண்டி, தோணிகளைத் தாண்டி, கடற்கரை வீதிவரை அவள் முன்னே, கட்டைக் காற்சட்டையும் ஒற்றைச் சப்பாத்துமாக நான் பின்னே. சுபஹு தொழுதுவிட்டுத் திரும்பியவர்கள், பாண் வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். புடவைக்கடை முதலாளியை அந்த அளவு குறைந்த துணியில் ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

சேதி கேட்டு மனைவி ஓடி வந்தாள். என்னிடம் வரவில்லை. நேரே குதிரையிடம் போய், நெற்றிப் பொட்டில் கையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பிறகுதான் பின்னால் வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

ஃபலீலின் தோள் சரியாகும்வரை தினமும் அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டபோதெல்லாம், ஒரு பக்கம் ஒதுங்கி நடந்தால் போதும் காக்கா என்றே திருப்பித் திருப்பிச் சொன்னான். ஒதுங்கினோம். இப்போது நாங்கள் தோணிப் பக்கமாக ஒருவர்பின் ஒருவராக நடக்கிறோம், கடல் பக்கம் நஜ்மாவுக்கு. அவன் தூரத்திலேயே விசில் அடிப்பான். நாங்கள் நின்று, அவள் போய் மறையும்வரை பார்ப்போம். இன்னும் யாரும் வாய் திறப்பதில்லை.

வீட்டில் மட்டும் எனக்கு விமோசனம் இல்லை. எந்தப் பேச்சிலும் நான் பிடிவாதம் பிடித்தால், மகள் ஷிஃபா தலையைத் தூக்காமலே, “வாப்பா, வால உடுங்க” என்பாள். அவள் கலியாணப் பேச்சின்போது, நிக்காஹ் எங்கள் பள்ளிவாசலில்தான் என்று நான் அரை நாள் மல்லுக்கட்டினேன். சம்மாந்துறையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் வாப்பாவும் தன் பள்ளியை விடவில்லை. உள்ளறையிலிருந்து அந்தக் குரல் வந்தது. எங்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. அது என்ன வால் என்று மாப்பிள்ளையின் வாப்பா கேட்க, மனைவி ஆரம்பத்திலிருந்து சொன்னாள். கேட்டுவிட்டு அவர், அந்தக் குதிரையைத் தான் பார்க்கவேண்டும் என்றார்.

இரவு தங்கி, விடியும்போது என்னோடு வந்தார். நஜ்மா எங்களைக் கடந்து போனபோது அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எந்தப் பள்ளி என்பதை இரண்டு பேருமே மறந்துபோனோம். வீட்டுக்கு வந்தால், பெண்கள் சம்மாந்துறை என்று முடிவெடுத்து வைத்திருந்தார்கள்.

போன மாதம் சம்பந்தியின் தம்பி ஒரு வயல் வரம்புத் தகராறில் இறங்கி வராமல் நின்றாராம். இவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “வால உடுடா” என்றாராம். தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். குதிரையைக் காணாதவருக்கு எப்படி விளங்கும்? அவரையும் ஒருநாள் விடியற்காலையில் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.