அரியலூரில் அசையாமல் நின்ற இழை

பிரபஞ்சத்தைப் படிக்கிறவர்களுக்கு அடக்கம் தானாக வந்துவிடும் என்பார்கள். எனக்கு அது தாமதமாகத்தான் வந்தது. அக்கா வீட்டு முன்னறையில், ஒரு டீ ஆறுவதற்குள் வந்தது.

2003ஆம் வருடம். இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு அரியலூரில் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரான லெப்பைக்குடிக்காட்டில் என் வயதுப் பையன்கள் எல்லோரும் வளைகுடாவுக்குப் பறந்துவிட்டிருந்தார்கள். அக்காவின் கணவர், என் மச்சான், ஷார்ஜாவில் தன் கடையிலேயே எனக்கும் விசாவுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தால் தப்பித்தேன், இல்லாவிட்டால் ஃப்ளைட். பெரம்பலூரில் ஒரு கல்லூரிக்குப் பேச வந்த சென்னைப் பேராசிரியை, நான் நச்சரித்த நச்சரிப்பில், அரியலூரில் ரயிலேறும் முன் என் வேலையைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

வேலை இதுதான். ஆதியில் ஏறக்குறைய சமமாகப் பரவிக் கிடந்த பொருள், எப்படித் திரண்டு கேலக்சிகளாகவும் அவற்றைக் கோத்த நீண்ட இழைகளாகவும் ஆனது என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது. மற்றவர்கள் நியூட்டனை வைத்துக் கணக்குப் போட்டார்கள். நான் விடுவேனா, எனக்கு ஐன்ஸ்டைன்தான் வேண்டும். பொருள் வெளியை வளைக்கும், வளைந்த வெளி பொருளை நடத்தும், இடத்துக்கு இடம் நேரம்கூட வேறு வேகத்தில் ஓடும். (மச்சான் பிள்ளைகள் விளையாடுவதற்காக வாங்கிவந்த கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியாது, பாவம்.) சமன்பாடுகளை எவ்வளவோ சுருக்கியும் ஒரு ஓட்டம் முடிய நாள்கணக்கில் ஆனது. அதுவரை யாரும் கிட்டே வரக்கூடாது, துணிகூடப் படக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டிருந்தேன்.

ஒரு மதியம் ஓட்டம் முடிந்தது. கறுப்புத் திரையில் புள்ளிகள் மெல்ல நகர்ந்து ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர்ந்தன. நடுவே வெறுமை பெரிதானது, அதன் ஓரங்களில் இழைகள் பின்னின. யாரும் தொடாமல், ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு இத்தனையும் நடக்கிறதே என்று நாற்காலி நுனிக்கு நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சத்தம்கூடக் காதில் விழவில்லை.

அப்போதுதான் மேல் மூலையில் வளைவாக ஒரு வெளிறிய இழையைப் பார்த்தேன். பதிவாகியிருந்த படத்தை முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். மற்றதெல்லாம் நகர்ந்தது, அது மட்டும் ஆதியிலிருந்தே அங்கேயே இருந்தது. வெளியின் வளைவு அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது, நியூட்டனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். லீவில் வந்திருந்த மச்சானிடம் சொன்னேன். அவர் ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னார். (அன்றைக்கு அரியலூரில் ஐன்ஸ்டைன் எனக்கு அடுத்தபடிதான்.)

பேராசிரியை வந்தார். அரை இருட்டில் திரையைக் காட்டி முழங்கினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஆரம்பத்துலேர்ந்து இது ஒரே இடத்துலயா இருக்கு?" என்றார்.

"ஆமா மேடம், அதுதான் விசேஷமே."

அக்கா டீயோடு வந்து ட்யூப்லைட்டைப் போட்டாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. விருந்தாளி முன்னால் மானம் போகிறதே என்று பதறினாள்.

"மன்னிச்சுக்கங்க மேடம். இந்த லாரிங்க போனா வூடு பூரா சுண்ணாம்புத் தூசிதான். தொடைக்கவே கூடாதுன்னுட்டான் இவன்" என்றபடி துணியால் ஒரே இழுப்பு.

நான் சட்டம் போடும் முன் அவள் கடைசியாகத் துடைத்தபோது, துணி எட்டாமல் மூலையில் வளைவாகத் தங்கிய தூசி அது. என் மகத்தான இழை துணியோடு போய்விட்டது. மச்சான் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். எனக்கு ஷார்ஜா கடையின் ஷட்டர் கண்ணில் தெரிந்தது.

பேராசிரியை சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, படத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். துடைத்த திரையில் புள்ளிகள் இன்னும் தெளிவாகத் திரண்டன. டீ ஆறிக்கொண்டிருந்தது. அக்காதான் கையில் துணியோடு, "சுப்ஹானல்லாஹ்" என்றாள் மெதுவாக. "இதெல்லாம் நெசமாவே நடந்துச்சா மேடம்?"

"இப்பவும் நடந்துகிட்டுதாம்மா இருக்கு" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "ப்ரோக்ராம் நீயே எழுதினதா? ஜூன்ல வந்து சேர்ந்துடு. மூலையில இருந்தத மட்டும் கூட்டிட்டு வராத."

இன்றும் அதே வேலைதான், ஓர் அறையையே அடைக்கிற கம்ப்யூட்டர்களில். புதிதாக ஏதாவது கிடைத்திருக்கிறது என்று போனில் சொன்னால் மச்சான், "மாஷா அல்லாஹ்" என்பார். அக்கா போனைப் பிடுங்கி ஒரே கேள்விதான் கேட்பாள்: "தொடைச்சுப் பாத்தியா?"

சிரித்துவிட்டுப் போனை வைப்பேன். அப்புறம் அறையில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, திரையை ஒரு தடவை துடைத்துவிடுவேன்.