வெயிலுக்குச் சத்தம் வைத்த சாம்பிராணி அண்ணன்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே மேகம் நகரும் சத்தத்தைக் கேட்ட ஒரே மனிதர் எங்கள் சாம்பிராணி அண்ணன்தான். இதை யாராவது மறுத்தால் நான் சண்டைக்குத் தயார்.

துடியலூரில் ஒரு வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை, அடுத்த அறை அவருக்கு. அவருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ஒரு கம்பெனியில் போனில் பதில் சொல்கிற வேலை. மூன்று மணிக்குத் திரும்பினால் ஈயத்தை உருக்கி ஒயர்களை ஒட்ட, அதாவது சால்டரிங் வைக்க, உட்கார்ந்துவிடுவார். அந்தப் புகையில் வராந்தாவே கோயில் மாதிரி மணக்கும். பெயர் வந்தது அப்படித்தான். ஈயம் உருகிவிட்டதா என்பதை வாசனையிலும் 'உஸ்' என்கிற ஓசையிலும் சொல்லிவிடுவார். நான் இரண்டு கண்ணாலும் உற்றுப் பார்த்துச் செய்து, என் சட்டையைத்தான் பொசுக்கினேன்.

ஒருநாள் பார்சல் வந்தது. "கையை நீட்டுங்க தம்பி, கம்ப்யூட்டர் வந்துருச்சுங்க" என்று என் உள்ளங்கையில் எதையோ வைத்தார். தீப்பெட்டியை விடச் சின்னது.

"ஸ்க்ரீன் எங்கீங்கண்ணா?"

"அது உங்களுக்கு வேணும். எனக்கெதுக்குங்க?"

அதற்கான கட்டளைகளை லேப்டாப்பில் எழுதுவார். எழுதியதை லேப்டாப் அவர் காதில் படித்துக் காட்டும். அது போகிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. அவரோ "இன்னும் மெதுவாத்தான் பேசுதுங்க" என்று குறைப்படுவார். உதிரிச் சாமான்களெல்லாம் இட்லித் தட்டில் இருக்கும். குழிக்கு ஒரு சாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்குத் தட்டை இரவல் கேட்டேன். "தாராளமா எடுத்துக்குங்க. நடுக்குழியில இருக்கறத மட்டும் வேக வெச்சுப்போடாதீங்க" என்றார்.

சாமான்களைச் செருகும் துளைப்பலகையில் நகத்தால் துளைகளை எண்ணிக்கொண்டே போவார். "பதினொண்ணு, பன்னண்டு..." என்று உதடு முணுமுணுக்கும். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் நாலு தடவை கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கலையில் எல்லாருக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: ஒரு குட்டி விளக்கை மின்ன வைப்பது. அண்ணனும் வைத்தார். "தம்பி, எரியுதுங்களா?" நான் ஆபீசுக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். "ஜோரா எரியுதுங்கண்ணா!" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

அந்தப் பொய்யின் மேல் அவர் மூன்று நாள் கட்டடம் எழுப்பினார். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் பீப் அடிக்கும் மீட்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததில், விளக்கு தலைகீழாக இருந்தது தெரிந்தது. அதன் கம்பிக் கால்களில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. அதை வைத்துத்தான் கரண்டு போகும் திசை சொல்ல வேண்டும். அண்ணன் அழகுக்காக இரண்டையும் சமமாக நறுக்கிவிட்டிருந்தார். அது ஒரு விநாடிகூட எரிந்ததில்லை.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் திட்டவில்லை. "மத்தவங்க சொல்றதக் கேட்டேதானுங்க தம்பி இத்தன நாள் வாழ்ந்துபோட்டேன். இது ஒண்ணையாச்சும் நானே தெரிஞ்சுக்கலாமுன்னு பாக்கறேன்" என்றார். விளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே, கரண்டு பட்டால் கத்துகிற ஒரு பீப்பியை வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் கத்தாத பொருள் கிடையாது. கதவைத் திறந்தால் கத்தும், பால் பொங்கினால் கத்தும், நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் கத்தும். கீழ்வீட்டு ஓனரம்மா எத்தனை நாள் பொறுப்பார்?

"ஏனுங்க, கண்ணு தெரியாம கரண்டுல கைய வெக்கறீங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் என்ன பண்ணுவனுங்க? இந்த மாசத்தோட இத நிறுத்திப்போடுங்க. இல்லாட்டி ரூமைக் காலி பண்ணிக்குங்க."

"இது போன் சார்ஜர் கரண்டுதானுங்கம்மா, ஷாக்கெல்லாம் அடிக்காதுங்க."

"புகை வருதுங்களே!"

அண்ணன் சால்டரிங் கம்பியைக் கழற்றி வைத்தார். இரண்டு நாள் வராந்தா வெறும் வராந்தாவாக இருந்தது. சமாதானம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் மொட்டை மாடிக்குப் போனார். வெயில் பட்டால் அது மெல்லிய குரலில் பாடும். நிழல் விழுந்தால் குரல் தாழும். ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓனரம்மாவின் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது, பொள்ளாச்சியில் அவருடைய தம்பி தோப்பிலிருந்து வந்தது. மலைப்பக்கமிருந்து மேகங்கள் வர வர, பெட்டியின் பாட்டு இறங்கி ஏறியது.

"இப்ப ஒண்ணு போகுதுங்க. பெருசு. வாலு நீளம்."

நிமிர்ந்து பார்த்தேன். வால் நீளமாகத்தான் இருந்தது. அப்புறம் நானும் கண்ணை மூடிக்கொண்டேன். காற்று, கொப்பரை வாசம், ஏறி இறங்கும் அந்த ஒற்றைக் குரல். எவ்வளவு நேரம் அப்படி மிதந்தோமோ, திடீரென்று குரல் தரைமட்டத்துக்கு இறங்கியது.

"ஏனுங்கம்மா! மழைங்க! கொப்பரைய அள்ளுங்க!" என்று கத்தினார் அண்ணன்.

ஓனரம்மா படியேறி வந்த வேகத்தில் வீடு அதிர்ந்தது. நானும் குதித்தெழுந்து, வானத்தைப் பார்க்காமலே வாரி வாரி மூட்டையில் போட்டேன். கடைசித் துண்டையும் போட்ட பிறகுதான் முதுகு சுட்டது. சுள்ளென்று வெயில்! கொடியில் கிடந்த ஓனரம்மாவின் சேலை காற்றில் நழுவி, பெட்டியின் மேல் படுத்திருந்தது.

தொலைந்தோம் என்று நினைத்தேன். அண்ணன் சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தப்பு என்னுதுங்க. நாளைக்கே ரூமைக் காலி பண்ணிக்கறேன்" என்றார்.

ஓனரம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சேலையை உருவினார். பெட்டி உச்சக் குரலில் பாடியது. திடுக்கிட்டுச் சேலையைப் போட்டார்; குரல் தாழ்ந்தது. மறுபடி எடுத்தார். பிறகு கையைப் பெட்டிக்கு மேலே நீட்டினார், விரல்களை மெல்ல விரித்தார், மூடினார்.

"இது வெயிலுங்களா?"

"ஆமாங்கம்மா. எனக்கு இப்படித்தானுங்க தெரியும்."

அந்த அம்மாள் வெறும் தரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது, "சூடு வெக்கறப்ப ஒரு கொரல் குடுங்க. நான் வந்து பக்கத்துல நின்னுக்கறேன். காலியெல்லாம் பண்ண வேண்டாமுங்க" என்றார்.

"நிக்க வேண்டாமுங்கம்மா. உக்காந்து கத்துக்குங்க" என்றார் அண்ணன், ஒரு நமுட்டுச் சிரிப்போடு. மறுநாளே பாடம் ஆரம்பமாகிவிட்டது.

நான் இப்போது வேலை மாறி வேறு ஊரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் போன் செய்வார். "அங்க வானம் எப்படியிருக்குதுங்க தம்பி?" உட்கார்ந்த இடத்திலிருந்தே நல்லாயிருக்கு என்று சொல்லிவிடலாம். நான் எழுந்து, செருப்பு மாட்டி, தெருவில் இறங்கி, அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். "யாருக்கு இவ்வளவு நேரம் வானத்தை விவரிக்கிறீங்க?" என்று மனைவி கேட்கிறாள். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.