வலிக்கல சார்

"வலிக்குதா?"

"இல்ல சார்."

பிசியோ கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "இப்ப?"

"இல்ல சார்."

"இந்தப் பக்கம்?"

"கூசுது சார்."

பிசியோவின் முகம் இருண்டது. நிலைமை அவர் நினைத்ததைவிட மோசமாக இருந்தது.

சிகிச்சை அறையின் உயரமான கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தவள் அந்தத் தடகள கிளப்பின் நீளம் தாண்டும் வீராங்கனை. எல்லோரும் வெட்டுக்கிளி என்றே கூப்பிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை. காலைப் பயிற்சியில் மணலில் வந்து விழுந்தவள், எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே "ஒண்ணுமில்ல" என்றாள். மைதானத்தின் அந்தக் கோடியில் நின்ற பிசியோ அதைக் கேட்டுத்தான் ஓடி வந்தார்.

போன வருடம் ஓர் ஓட்டக்காரன் இதே கட்டிலில் படுத்துக்கொண்டு "வலிக்கல சார்" என்றான். பிசியோ நம்பினார். பாதி ஓட்டத்தில் அவன் பாதத்து எலும்பு முறிந்தது. கிளப் செயலாளர் காபியைக் கலக்கியபடியே, கோபமில்லாத குரலில், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க வேற இடம் பார்த்துக்கலாம்" என்றார். அன்றிலிருந்து பிசியோவின் மருத்துவம் தலைகீழாகிவிட்டது. வலிக்கவில்லை என்பவனுக்கு எங்கோ முறிந்திருக்கிறது. வலிக்கிறது என்பவனுக்குப் போட்டியை நினைத்துப் பயம். வீக்கம்கூட ஏமாற்றலாம், இந்த விதி ஏமாற்றாது.

வீட்டில் மட்டும் இந்த விதி செல்லாது. மனைவி "ஒண்ணுமில்ல" என்றால் அதை அப்படியே நம்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

கதவருகில் ஈட்டி எறிபவன் வந்து நின்றான். "சார், குதிகால் வலிக்குது."

பிசியோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பயம்தான். சனிக்கிழமை போட்டி முடிஞ்சா சரியாயிடும். போய் எறி."

"எறியறதுக்கு ஓடணுமே சார்."

"ஓடி எறி."

அவன் நொண்டிக்கொண்டே போனான். சுவரோரப் பெஞ்சில் அக்காவின் ஷூக்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வெட்டுக்கிளியின் தங்கை, அவன் போவதையே பார்த்தாள். அவளும் நீளம் தாண்டுபவள்தான். ஒரு போட்டிக்கு ஒரு கிளப்பிலிருந்து ஒருவர் என்பதால், எல்லா ஊர்களிலும் அவள் வேலை அக்காவின் பையைப் பார்த்துக்கொள்வது.

கோச் உள்ளே வந்தார். "என்னய்யா, குதிப்பாளா?"

"சந்தேகமா இருக்கு."

"வலிக்குதாமா?"

"வலிக்கலங்கறா. அதான் பிரச்சினை."

கோச் கூரையைப் பார்த்துச் சொன்னார். "நமக்கு நிச்சயமான மெடல் இவ ஒருத்திதான். இவளை உட்கார வச்சு அது போச்சுன்னா, செயலாளர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிக்குங்க."

அதாவது குதித்து எலும்பு முறிந்தாலும் வேலை போகும், குதிக்காமல் பதக்கம் போனாலும் வேலை போகும். பிசியோ துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

முதலில் நல்ல காலைப் பார்த்தார். எப்போதும் அதுதான் முறை. நல்ல கால் எவ்வளவு அசைகிறது என்று தெரிந்தால்தான் மற்றதைப் பற்றிப் பேச முடியும். பிறகு அடிபட்ட காலை எடுத்தார். கணுக்கால் முட்டியின் பின் விளிம்பு, சுண்டுவிரல் பக்கத்து நீண்ட எலும்பின் அடி, பாதத்தின் உள்வளைவு என்று ஒவ்வொன்றாக அழுத்தினார். குதிகாலைப் பிடித்து முன்னால் இழுத்துத் தசைநார் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். நுனிக்காலில் நடக்கச் சொன்னார். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். வெட்டுக்கிளி நின்றாள். அடுத்த அறையில் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா?" என்றார் பிசியோ.

"எதை?" என்றார் கோச்.

"அடிபடாதவ இவ்வளவு நேரம் நிக்க மாட்டா. எதையோ மறைக்கிறா."

"எனக்கு ஒண்ணுமில்ல சார், நிஜமா" என்றாள் வெட்டுக்கிளி, கண்ணைத் திறக்காமலே.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. மெல்லிய விரிசல் முதல் படத்தில் தெரியாது என்றார் பிசியோ. ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தவர், இவ்வளவு அழகான கணுக்காலைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை, பாடப்புத்தகத்தில் போடலாம் என்றார். பிசியோ அன்று மதியம் சாப்பிடவில்லை.

எலும்பு முறிந்தவர்களுக்கு மாட்டும், முழங்கால் வரை வரும் கனத்த பூட் ஒன்றை அவள் காலில் மாட்டினார். அதன் அடி உயரம் என்பதால் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள்.

"இடுப்பு வலிக்குதா?"

"இல்ல சார்."

"ஐயையோ" என்று சொல்லி, இரண்டு ஊன்றுகோல்களையும் கொடுத்தார். ஊன்றுகோலோடு அவள் படிக்கட்டில் இறங்கியதைப் பார்த்த கிளப் முழுக்க, வெட்டுக்கிளிக்குக் கால் போய்விட்டது என்ற செய்தி பரவியது. செயலாளர் போன் செய்தார். பிசியோ நின்றபடியே பேசினார்.

"உறுதியாச் சொல்றீங்களா?"

"உறுதி சார்."

"சரி. உங்க பொறுப்பு."

அந்த மூன்று சொற்களோடு செயலாளர் போனை வைத்தார்.

போட்டிக்கு முந்தைய நாள் கோச் வெட்டுக்கிளியின் பூட்டைத் தன் கையாலேயே கழற்றிப் போட்டார். "என் கண் முன்னாடி ஒத்தைக்காலில் குதிக்கட்டும். வலிச்சா முகம் காட்டிக்கொடுக்கும்."

"சும்மா குதிக்கிறதில்லை. அதுக்கு ஒரு முறை இருக்கு" என்றார் பிசியோ. "தாண்டி, இறங்கி, அப்படியே சிலை மாதிரி நிக்கணும். அடிபட்ட கால் அந்த இடத்துலதான் நடுங்கும். இங்க பாருங்க."

அவரே குதித்துக் காட்டினார். குதித்தது நன்றாக இருந்தது. இறங்கிய இடத்தில் ஊன்றுகோல் ஒன்று கிடந்தது. பாதம் மளுக்கென்று உள்பக்கமாக மடங்கியது. அறையில் இருந்த எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.

"வலிக்குதாய்யா?" என்றார் கோச்.

"சேச்சே. இல்ல."

"முகம் வெளுத்துப்போச்சே."

"லைட் அப்படி."

வெட்டுக்கிளி ஓடி வந்து அவரைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். ஓடிப்போய் ஐஸ் எடுத்து வந்தாள். தலையணை எடுக்க மறுபடி ஓடினாள். தங்கை இருமினாள். வெட்டுக்கிளி நின்று, யோசித்து, மீதித் தூரத்தை நடந்து போனாள்.

பிசியோ தன் கணுக்கால் பந்துபோல வீங்குவதைப் பார்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "அவ குதிக்கக் கூடாது. எழுதிக்கொடுக்கிறேன்."

"அப்ப யாரை அனுப்ப?"

பிசியோ சுற்றிலும் பார்த்தார். பெஞ்சில் ஷூக்களோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

இரவு மனைவி கதவைத் திறந்தாள். "என்ன, ஒரு மாதிரி நடக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் ஷூவின் நாடாவைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். "உங்களுக்கெல்லாம் வாயில ஒண்ணு, காலில ஒண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை தங்கை குதித்தாள். வழக்கமாக அக்கா குதிக்கும் தூரத்தைத் தாண்டி ஒரு சாண் அதிகமாகக் குதித்துவிட்டு, மணலிலேயே உட்கார்ந்து தன் கால்களைச் சந்தேகமாகப் பார்த்தாள். பார்வையாளர் வரிசையில் மறுபடி மாட்டிய பூட்டோடு இருந்த வெட்டுக்கிளி அப்போது எவ்வளவு உயரம் எகிறினாள் என்பதைப் பிசியோ பார்க்கவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார்.

தங்கப் பதக்கம். செயலாளர் பிசியோவின் தோளைத் தட்டினார். "ஸ்கேனுக்கே தெரியாததைக் கண்டுபிடிச்சீங்க. உங்களை மாதிரி ஆள்தான் கிளப்புக்கு வேணும்." கோச் கையை இறுக்கிப் பிடித்துக் குலுக்கினார். ஈட்டி எறிபவன் மட்டும் தூரத்தில் ஒற்றைக்காலில் நின்று கைதட்டினான்.

திங்கட்கிழமை பிசியோ அதே கனத்த பூட்டில் தன் காலை விட்டுக்கொண்டு, செயலாளர் கொடுத்தனுப்பிய பூங்கொத்தைத் தண்ணீர்க் குவளையில் வைத்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்கில் இல்லாத நிம்மதி முகத்தில் இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றாமல், தங்கை உள்ளே வந்தாள். கணுக்கால் நீலம் பாரித்து வீங்கியிருந்தது.

பிசியோ அன்போடு கட்டிலைத் தட்டினார். "வாம்மா, சாம்பியன். சொல்லு, வலிக்குதா?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், வாசலைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"நிஜமாவே வலிக்குது சார், ஆனா போட்டியில குதிக்காம உட்காரணும்னா உங்ககிட்ட 'வலிக்கல'ன்னுதான் சொல்லணும், எனக்கு இடம் விடறதுக்குத் தானும் அப்படித்தான் சொன்னதா அக்கா சொன்னா, அதனால இப்ப நான் எதைச் சொல்லட்டும்?"