உயிரோடு யாருக்கும் இல்லாத பெயர்

3, மேல் தெரு,
கும் ஹெலிக்.
நவம்பர் 21.

'ஹெலிக் குரல்' ஆசிரியர் திரு. ஹெவின் பியூ அவர்களின் மேலான கவனத்திற்கு,

வணக்கம். தாங்களும் துணைவியார் டெலித்தும் நலமாக இருப்பீர்கள், ஏணியிலிருந்து விழுந்து அடிபட்ட தங்கள் முழங்கால் இப்போது கொஞ்சமாவது மடங்கத் தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் மழையும் சௌக்கியம்.

நவம்பர் இதழ், ஐந்தாம் பக்கம், 'மறைந்த பெயர்கள்' பகுதியில் தாங்கள் 'டாங்விஸ்டில்' என்ற பெண் பெயரைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தேன். அதில் பெரும்பகுதி சரி. 'டாங்' சமாதானம், 'க்விஸ்டில்' பிணை; ஆகவே சமாதானத்துக்காகப் பிணையாகக் கொடுக்கப்பட்டவள் என்று பொருள், சரி. எழுநூறு எண்ணூறு வருடங்களுக்கு முன் வேல்ஸில் இளவரசர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் புழங்கிய பெயர், பிறகு மார்கரெட்டும் எலிசபெத்தும் ஜேனும் வந்து இதை ஓரங்கட்டிவிட்டார்கள், அதுவும் சரி. ஆனால் கடைசி வரி? 'இன்று நம் பள்ளத்தாக்கில் இப்பெயர் கொண்டவர் எவரும் உயிருடன் இல்லை.' இதை நான் எங்கே வாசித்தேன் தெரியுமா? சமூகக் கூடத்தில், இதழ் மடிக்கும் வியாழக்கிழமையன்று, தங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இருநூறாவது பிரதியை மடித்துக்கொண்டிருக்கும்போது. அந்த நேரம் பார்த்துத் தாங்கள் பிஸ்கட் தட்டை நீட்டி, "எடுத்துக்குங்க மிஸ் ரோலண்ட்ஸ், மடிச்சு மடிச்சுக் கை ஓய்ஞ்சிருக்கும்" என்றீர்கள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். செத்தவளுக்குப் பிஸ்கட் கொடுத்து உபசரித்த ஆசிரியர் இந்தத் தேசத்திலேயே தாங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். என் முழுப் பெயர் டாங்விஸ்டில் ரோலண்ட்ஸ்.

தங்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. நம் ஊர்ப் பழக்கம் அப்படி. பத்து ஜோன்ஸ் இருக்கும் ஊரில் பால் ஜோன்ஸ், ரொட்டி ஜோன்ஸ், தபால் ஜோன்ஸ் என்று தொழிலை ஒட்டவைத்தால்தான் பிழைக்க முடியும். என்னைப் 'பதிவு ரோலண்ட்ஸ்' ஆக்கிவிட்டீர்கள். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தவளுக்கு அது பொருத்தம்தான். ஆனால் ஓய்வு பெற்று இருபது வருடமாகிவிட்டது, வேலை போய்விட்டது, பட்டம் மட்டும் போகவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் என் தங்கை நெஸ்டா. அவள் போய் ஒன்பது வருடம். அதற்கப்புறம் என் பெயரை என் காது கேட்டதில்லை. சில நாள் கெட்டிலைப் போட்டுவிட்டு நானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வதுண்டு, வாய் மறந்துவிடக் கூடாதே என்று.

பெயர் வந்த கதை தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பெத்தெல் தேவாலயத்தில் ஆர்மோனியம் வாங்கலாமா கூடாதா என்று என் அப்பாவின் அப்பாவும் அம்மாவின் அப்பாவும் மோதிக்கொண்டார்கள். கூடாது என்ற கட்சி தெருவுக்கு எதிர்ப்பக்கமே ஹோரெப் என்று இன்னொன்றைக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்மோனியம் அமுங்கும்படி கத்திப் பாடியது. நடுவில் என் அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். நான் பிறந்ததும் இரண்டு பக்கமும் கூடிப் பேசி, சண்டை முடிந்ததற்கு அடையாளமாக இந்தப் பெயரை என் தலையில் வைத்தார்கள். நிஜமாகவே பிணைதான். ஒரு ஞாயிறு பெத்தெல், மறு ஞாயிறு ஹோரெப். பெத்தெல்காரர்கள் என்னை ஹோரெப் பிள்ளை என்றார்கள், ஹோரெப்காரர்கள் பெத்தெல் பிள்ளை என்றார்கள், பள்ளிக்கூட விருந்தில் இரண்டு பக்கமும் மற்றவர் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குக் கேக் கொடுக்காமல் விட்டார்கள். இன்றைக்குப் பெத்தெலில் தரைவிரிப்பு விற்கிறார்கள், ஹோரெப்பை லிவர்பூல்காரர் ஒருவர் விடுமுறை வீடாக்கிவிட்டார். சண்டை போட்ட அத்தனை பேரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். பிணையாக வைத்தவளை மீட்டுக்கொண்டு போகத்தான் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

எந்தப் பெயருக்கு எவ்வளவு மவுசு என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாரத்துக்கு இரண்டு ஷான், பிறகு கெரிஸ் அலை, அப்புறம் மாலி, எவா, காடி. முப்பத்தைந்து வருடமாக ஒவ்வொரு தகப்பன் வாயைத் திறக்கும்போதும், இந்த முறையாவது என் பெயரைச் சொல்ல மாட்டானா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நாமாக யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. ஒரே ஒரு முறை மீறினேன். பெண்டாட்டி சொல்லியனுப்பிய பெயரை வழியிலேயே மறந்துவிட்டு ஒரு விவசாயி முழித்துக்கொண்டு நின்றார். மெதுவாக, "டாங்விஸ்டில்னு வெச்சா என்ன?" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஆட்டுக்குக் குடற்புழு மருந்துங்களா அது?" என்றார். கடைசியில் அந்தக் குழந்தையும் மாலிதான். அதற்காக என் பெயர் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். தங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தங்கள் அப்பா சந்தோஷத்தில் அழுதுகொண்டே வந்து பதிந்துவிட்டுப் போனது. அடியில் பதிவாளர் கையெழுத்து முழுப் பெயரோடு இருக்கும். இங்கே வீட்டுக்கு வீடு பெட்டிக்குள் நான் இருக்கிறேன், தம்பி. யாரும் அடிவரியை வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, ஊருக்காவது தெரிகிறதா பார்ப்போம் என்று இதழ் மடித்த மறுநாள் கடைக்குப் போய்க் கறிக்கடை இட்வாலிடம், "என் பேர் என்ன சொல்லு பாப்போம்" என்றேன். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை உட்கார வைத்தான். "மிஸ் ரோலண்ட்ஸ், வீட்டுக்கு வழி தெரியுதா? இன்னிக்கு என்ன கிழமை தெரியுதா?" என்றான். தெரிகிறதடா, பேரைச் சொல்லு என்றேன். போன் போட்டுவிட்டான். மதியமே நர்ஸ் பெத்ரின் வீட்டுக்கு வந்து இறங்கினாள், அட்டையும் கையுமாக. பிரதமர் யார், இருபதிலிருந்து தலைகீழாக எண்ணுங்கள், எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னேன். கடைசியில், "உங்க முதல் பேரு?" என்றாள். அட்டையில் வெறும் 'டி' என்றுதான் இருந்ததாம். டாங்விஸ்டில் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது பத்திரிகையில வந்த பேரு இல்லீங்களா? நானும் படிச்சேன். மனசுல அப்படியே தங்கிடுச்சு போல. பரவால்ல, வயசானா அப்படித்தான்" என்று சொல்லி எதையோ எழுதிக்கொண்டாள். வருகிற பதினாலாம் தேதி என்னை ஞாபகமறதிக்கு டாக்டரிடம் காட்டப் போகிறார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதீர்கள். அவள் போன பிறகு பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து, மேஜைமேல் வைத்து, எதிரே உட்கார்ந்து டீ குடித்தேன். துணைக்கு அதுதான் இருந்தது.

ஆகவே டிசம்பர் இதழில், முதல் பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். 'டாங்விஸ்டில் என்ற பெயருடையவர் ஒருவர் மேல் தெருவில் உயிருடன் இருக்கிறார்' என்று போட்டால் போதும். வருத்தம் தெரிவிக்க வேண்டாம். யாராவது வழியில் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதுவே எனக்குப் போதும்.

டெலித்துக்கு என் அன்பு. அவள் சுட்ட பாரா பிரித் ரொட்டியில் இந்த முறை திராட்சை தாராளம் என்று சொல்லவும். தங்கள் முழங்கால் கிறிஸ்துமஸுக்குள் பூரணமாக மடங்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
இதழ் மடிப்பவர்களில் ஒருத்தி,
டாங்விஸ்டில் ரோலண்ட்ஸ்

பி.கு.: தம்பி ஹெவின், இதை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு லௌரி, தள்ளிய வயிறும் கையில் உன் பத்திரிகையுமாக நிற்கிறாள். ஜனவரியில் பிரசவம், பெண் பிள்ளையாம். "நீங்க எத்தனையோ பேர் எழுதினவங்க, உங்களைக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணணும்னு வந்தேன்" என்றாள். "எங்க வீட்டுல ஏற்கெனவே மூணு மாலி. இவளுக்கு யாருக்குமே இல்லாத பேரா வெக்கணும். அஞ்சாம் பக்கத்துல இந்தப் பேரைப் பாத்ததும் அவருக்கும் எனக்கும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. உயிரோட ஒருத்தருக்கும் இல்லையாமே! நிஜந்தானா? உங்களுக்குத் தெரிஞ்சு யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல" என்றேன்.

எப்படிச் சொல்வது என்று கேட்டாள். சொல்லிக் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடியே மூன்று முறை சொன்னாள், மூன்றாம் முறை மிகச் சரியாக.

ஆகையால் திருத்தம் கிருத்தம் எதுவும் போடாதே. நீ எழுதியதே இருக்கட்டும். நர்ஸிடம் 'டி' என்றால் தெரசா என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும் என்று உனக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போடு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அங்கே தும்மினால் இங்கே கேட்கும். இனி சாப்பிட, குளிக்க, திட்ட, கொஞ்ச என்று நாள் முழுக்க அந்தப் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள். நான் இந்தப் பக்கத்திலிருந்து "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துவிடாமல் இருக்க வேண்டும்.